திருச்சுழிப் பக்கம் ஒரு கலீபா

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கைபேசி எண்ணைப் போட வேண்டாம் என்று பதிப்பாளர் சொன்னார். நான் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு, எங்கிருந்தாவது ஒரு வாசகர் கூப்பிட மாட்டாரா என்ற ஆசை இருக்கத்தானே செய்யும். இலங்கையின் கிழக்குக் கரையில், கடலுக்கு முகம் காட்டிய ஓர் ஊர் எங்களுடையது. அங்கே எனக்கென்று இருந்த ஒரே வாசகர் என் மச்சான். அவரும் எழுத்துப் பிழை பார்ப்பதற்காகப் படித்தவர்.

இரண்டாம் கலீபா உமர் (ரலி) அவர்களின் வாழ்க்கையை மாணவர்களுக்காக எண்பது பக்கத்தில் எழுதியிருந்தேன். சென்னையில் அச்சானது. அந்த எண்ணுக்கு வந்த ஒரே அழைப்பு அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தது. பாராட்டுவதற்கு அல்ல.

"அய்யா, கலீபா புஸ்தகம் எழுதுனது நீங்கதானா?"

"ஓம், நான்தான்."

"எங்க வீட்டுக்காரவுக அதப் படிச்சாக. படிச்சு முடிச்சதும் கலீபாவாயிட்டாக. நீங்களே வந்து பழையபடி ஆக்கிட்டுப் போங்க."

பேசியவர் பெயர் பாண்டியம்மாள். அவருடைய கணவர் முத்துராக்கு, திருச்சுழிக்குப் போகும் சாலையிலிருந்து பிரிந்து போகிற ஒரு கிராமத்தின் ஊராட்சித் தலைவர். ஊரின் பேரை எழுதக் கூடாது என்று தலைவர் பிற்பாடு கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. கடல் கடந்து ஒரு குடும்பச் சண்டையைத் தீர்க்க முடியுமா என்று அப்போது சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து, கண்புரை எடுக்க மதுரைக்கு வந்தேன். மருத்துவர் இரத்தத்தைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை இறங்கட்டும், செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார். நான்கு நாள் இருந்தது. விடுதி அறையில் மின்விசிறி சுற்றுவதை அரை நாள் பார்த்தேன். பிறகு பாண்டியம்மாளைக் கூப்பிட்டேன்.

"வந்திட்டீகளா?" என்றார், நான் வருவது முன்பே முடிவான காரியம் போல.

வெள்ளிக்கிழமை அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் நடத்துநர் வாயால் பேசுவார். இந்த பஸ்ஸில் அவர் விசிலால் பேசினார். நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு. படியில் தொங்கிய ஒருவரை ஏசுவதற்கு நீளமாக ஒன்று; அது அவருக்கு நன்றாக விளங்கியது, உடனே உள்ளே ஏறிக்கொண்டார். வெயில் கண்ணைக் குத்துவதால் நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "அண்ணாச்சி எந்தக் கட்சி?"

ஜும்ஆ தொழுகையை அருப்புக்கோட்டையில் முடித்துக்கொண்டு சாப்பாட்டுக் கடை தேடினேன். எண்ணெயில் முழுகிப் பொரிந்த பரோட்டாவைத் தட்டில் போட்டு, அப்பளம் போல நொறுக்கி, சால்னாவை ஊற்றிவிட்டார்கள். நீரிழிவுக்காரன் அதைப் பார்ப்பதே பாவம். நான் இரண்டு சாப்பிட்டேன். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, அடுத்த கடையில் சீனி போடாத தேநீர் கேட்டேன். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை அனுதாபத்தோடு பார்த்தார். "சீனி இல்லாமயா? வீட்ல ஏதும் துக்கமா அய்யா?"

புதிதாக வாங்கிய சாரம் ஒன்றை மூட்டித் தைக்க வேண்டியிருந்தது. இங்கே அதைக் கைலி என்கிறார்கள். தறிச் சத்தம் நிற்காத ஒரு தெருவில் தையல்கடை கிடைத்தது. நான் போக வேண்டிய ஊரின் பேரைச் சொன்னதும் தையல்காரர் தைப்பதை நிறுத்தினார்.

"அந்த ஊருத் தலைவரத் தெரியுமா? போன மாசம் வந்தாரு. புத்தம் புதுச் சட்டை. கொண்டாந்து நீட்டி, இதுல பன்னண்டு இடத்துல ஒட்டுப் போட்டுக் குடுங்காரு. எங்க கிழிஞ்சிருக்குன்னு அரை மணி நேரம் தேடுனேன். கிழியவே இல்ல. கேட்டா, கலீபா சட்டையாம்."

எனக்குப் பரோட்டா நெஞ்சுக்கு வந்தது. கலீபாவின் ஆடையில் ஒட்டுகள் இருந்ததைப் பன்னிரண்டு என்று எண்ணிக்கையோடு எழுதியவன் நான்தான்.

உள்ளேயிருந்து அவர் மனைவி தெலுங்கில் ஏதோ கேட்டார். தையல்காரரும் தெலுங்கிலேயே பதில் சொல்லிச் சிரித்தார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல. கலீபாங்கிறது புதுசா வந்த கட்சியான்னு கேக்குறா."

சனிக்கிழமை காலையில் மினிபஸ் என்னை ஊருக்குச் சாலை பிரிகிற ஒரு விலக்கில் இறக்கிவிட்டுப் போனது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர் தெரியும். இங்கே அதே அளவு பெரிய வானம், ஆனால் அடியில் கரிசல் மண். தொலைவில் விறகைக் கரியாக்கும் கரிமூட்டம் ஒன்று புகைந்துகொண்டிருந்தது. மற்றபடி சீமைக்கருவேலம்தான். கண்மாய் என்று பலகை இருந்த இடத்தில் இரண்டு ஆட்டுமந்தைகள் மேய்ந்தன.

கோழித்தீவன மூட்டையோடு மொபெட்டில் வந்த ஒருவர் நிறுத்தி என்னை ஏற்றிக்கொண்டார்.

"தலைவரோட கொஞ்சம் கதைக்க வேணும்" என்றேன்.

"கதை எழுதுறவுகளா?"

"ஓம்."

வண்டியை அப்படியே நிறுத்திவிட்டார். என் தொப்பியைப் பார்த்தார், தாடியைப் பார்த்தார். "என்ன பாய், ஓம்ங்கிறீக?"

"எங்கட ஊரில ஓம் என்றால் ஆமாம்."

"அப்ப ஆமான்னே சொல்லிருங்க. எனக்கு ஒரு நிமிசம் தூக்கிவாரிப் போட்ருச்சு."

இந்தப் பேச்சில் சுவாரசியமாகி, அவர் முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் திரும்பி என்னைப் பார்ப்பதே அதிகமாக இருந்தது. அதனால் சாலையில் காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலுக்குள் நேராக விட்டுவிட்டார். விழவில்லை, சறுக்கிக்கொண்டே போய் நின்றோம். வற்றலுக்குச் சொந்தக்காரப் பெண்மணி விளக்குமாற்றோடு வந்தார். "கண்ணாடி போட்ட பெரிய மனுசனும் எறங்கி அள்ளட்டும்" என்று தீர்ப்பும் சொன்னார். அள்ளினேன். ஊருக்குள் போய்ச் சேர்ந்தபோது மொபெட் ஹாரனுக்குத் தேவை இருக்கவில்லை. என் தும்மல் போதுமானதாக இருந்தது.

ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம். அதன் அடியில், செங்கல்லைத் தலைக்கு வைத்து, ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டையில் பன்னிரண்டு ஒட்டு. காவலுக்கு ஒருவரும் இல்லை. எனக்கு மெய்சிலிர்த்தது. பாரசீகத் தூதர் மதீனாவுக்கு வந்து, இவ்வளவு பெரிய ஆட்சித் தலைவர் மரத்தடியில் தனியாகத் தூங்குவதைப் பார்த்து வியந்து நின்ற இடத்தை நான் கண் கலங்கி எழுதியிருந்தேன். இப்போதும் கண் கலங்கியது, பாதி மிளகாயினால்.

தூங்கியவர் ஒரு கண்ணை லேசாகத் திறந்து நான் பார்க்கிறேனா என்று பார்த்தார். உடனே மூடிக்கொண்டார்.

"எந்திரிங்க, எறும்பு ஏறுது" என்று ஒரு பெண்குரல். தண்ணீர்க் குடங்கள் அடுக்கிய தள்ளுவண்டியோடு பாண்டியம்மாள் நின்றிருந்தார். "வண்டிச் சத்தம் கேக்கவும் ஓடிப்போயிப் படுத்தாக அய்யா. அதுவரைக்கும் நின்னு பேசிக்கிட்டுதான் இருந்தாக."

முத்துராக்கு எழுந்து, முதுகைத் தட்டிவிட்டு, கொஞ்சமும் வெட்கப்படாமல் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், ஒங்க புஸ்தகத்த பதினோரு தடவ படிச்சிட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. பதினோரு தடவை என்று சொன்ன மனிதர் மேல் எந்த எழுத்தாளனுக்குக் கோபம் வரும்?

மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. "கோழி அடிக்கலாம்னு பாத்தேன். நீங்க ஓதி அறுத்தாத்தான் சாப்பிடுவீகன்னு பக்கத்து வீட்ல சொன்னாக. அதான் முட்டைக் கொழம்பு" என்றார் பாண்டியம்மாள். குதிரைவாலிச் சோறு, என் சர்க்கரைக்கு அதைவிட நல்லது கிடையாது. எனக்குப் பரிமாறினார். பிறகு தான் உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு ஆட்டுக்குக் கழனித்தண்ணீர் வைத்தார். நாய்க்கு வைத்தார். கோழிகளைக் கூப்பிட்டுத் தானியம் இறைத்தார். கூடத்தில் தலைவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு?" என்றேன்.

"தலைவரு எல்லாருக்கும் கடைசியிலதான் சாப்பிடணுமாம். ஒங்க புஸ்தகத்துல இருக்காம். இன்னும் ஒரு கோழி வரல. அது வரட்டும்."

மணி மூன்றரை ஆனது. தலைவரின் வயிறு எனக்குக் கேட்கும்படி சத்தமிட்டது. பஞ்சம் வந்த வருடத்தில் கலீபா நெய்யைத் தொடாமல், தன் வயிற்றின் இரைச்சலைப் பொறுத்துக்கொண்டார் என்று எழுதியிருக்கிறேன். அந்த இரைச்சலை ஒருநாள் நேரில் கேட்பேன் என்று எண்ணியதில்லை.

சாயங்காலம் பாண்டியம்மாள் என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கேதான் உண்மையான வழக்கு இருந்தது.

ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு குடிதண்ணீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் முதல் வீடு தலைவர் வீடு. முறைப்படி அங்கேதான் தொடங்க வேண்டும். "என் வீட்டுக்குக் கடைசியா வாங்க" என்று அவர் வேலைக்காரர்களைத் தாண்டிப் போகச் சொல்லிவிட்டார். ஊரே கைதட்டியது. வேலை முடிகிற சமயத்தில் ஒப்பந்தக்காரருக்கு அடுத்த ஊரில் அவசரம். கடைசி வீட்டை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் விட்டுப்போனது ஒரு வீடு அல்ல. தலைவர் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் பின்சந்துக்குக் கிளைக்குழாய் போக வேண்டும். அந்தச் சந்தில் மூன்று வீடுகள். ஒரு வீட்டில் இடுப்பு ஒடிந்த காளியம்மாள். மற்ற இரண்டிலும் விடிந்தால் மில் வேலைக்குப் போகிறவர்கள். நான்கு மாதமாக எல்லோருக்கும் தண்ணீர், மேட்டுக்கு அந்தப்பக்கம் உள்ள பொதுக்குழாயிலிருந்து, இந்தத் தள்ளுவண்டியில்.

"இவரிட்டச் சொல்லேல்லையா?"

"சொன்னேன். சொந்த வீட்டு சிபாரிசு கேக்க மாட்டேன்னுட்டாக. பின்சந்து ஆளுகளச் சொல்லச் சொன்னேன். அவுக, ஒம் புருசன் மகான் மாதிரி கஷ்டப்படுதாரு, நாங்க எப்படிக் குறை சொல்லங்காக. இவுகளும் தெனம் ரெண்டு குடம் தூக்கிட்டு வாராக. ஊரு பாக்குற மாதிரி, மெதுவா நடந்து."

சொல்லிவிட்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்த அவருடைய உள்ளங்கையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் முத்துராக்குவிடம் பேசிப் பார்த்தேன். எடுத்த எடுப்பில் அவர், "பக்கம் நாப்பத்திரெண்டு சார்" என்றார். தன் குடும்பத்தாருக்கு எதிலும் முன்னுரிமை கூடாது என்று கலீபா கண்டிப்பாக இருந்த பக்கம். "பின்சந்துக்காரருக்கு..." என்று தொடங்கினேன். "பக்கம் அம்பத்தேழு" என்றார். சிபாரிசுக்கு இடமே கொடுக்காத பக்கம். எனக்கே மறந்துபோன வாக்கியங்களை அவர் கமா, முற்றுப்புள்ளியோடு ஒப்பித்தார். சொந்தப் புத்தகத்திடம் தோற்றுப்போன எழுத்தாளன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி யோசித்தேன். கலீபாவைப் பற்றி நான் எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது. மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர் தொகைக்கு ஒரு வரம்பு வைக்கப் போவதாக அவர் மக்கள் முன்னால் சொன்னபோது, ஒரு பெண் எழுந்து, இறைவன் கொடுத்த உரிமையைக் குறைக்க நீங்கள் யார் என்று குர்ஆன் வசனத்தைக் காட்டிக் கேட்டதாகவும், கலீபா அதே இடத்தில் தன் தவறை ஒப்புக்கொண்டதாகவும் சொல்வார்கள். கைப்பிரதியில் எழுதி, பிறகு நானே அடித்துவிட்டேன். கலீபாவையே எழுந்து திருத்தலாம் என்று பிள்ளைகள் படித்தால், நாளைக்கு வகுப்பில் என்னையும் திருத்துவார்கள் என்ற பயம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராமசபைக் கூட்டம். ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல், நூறு பேர் போல இருந்தார்கள். முத்துராக்கு என்னை அறிமுகம் செய்தார். "கலீபாவப் பத்தி சார் எல்லாத்தையும் எழுதியிருக்காக. ஒண்ணு விடல" என்றார். கைதட்டினார்கள்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"ஒன்று விட்டுட்டேன்" என்றேன்.

அந்தப் பெண் எழுந்த கதையைச் சொன்னேன். ஏன் விட்டேன் என்பதையும் சொன்னேன். ஒரு வாத்தியாரின் பயத்தைக் கேட்டு முன்வரிசையில் இருந்த பள்ளிக்கூடத்து ஆசிரியை மட்டும் குனிந்து சிரித்தார். "அந்தப் பெண் சரியாகச் சொன்னார், உமர் தவறிவிட்டார் என்று கலீபா எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அதுவும் அவருடைய தலைமைதான். ஒட்டுப் போட்ட சட்டையைவிட அது பெரிசு. நான் சட்டையை எழுதிப்போட்டு இதை ஒளிச்சுட்டேன்."

பெண்கள் பக்கத்திலிருந்து பாண்டியம்மாள் எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான்கு மாதமாகத் தள்ளிய வண்டி அவர் குரலில் இருந்தது.

"தலைவரே, எங்க வீட்ட விடுங்க. எனக்குத் தண்ணி வேண்டாம், நான் கலீபா பொண்டாட்டியாவே இருந்திட்டுப் போறேன். பின்சந்துல மூணு வீடு இருக்கே, அவுக என்ன கலீபாவா? ஒங்க பேருக்காக அவுக ஏன் கொடம் சுமக்கணும்?"

காளியம்மாளைத் தூக்கிவந்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அவர் அங்கிருந்தே, "அதத்தாம்ப்பா நானும் கேக்கணும்னு இருந்தேன். நீ கஷ்டப்படுறதப் பாத்து வாய் வரல" என்றார்.

முத்துராக்குவின் முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. மனைவியைப் பார்த்தார். சந்து ஆட்களைப் பார்த்தார். கோபப்படப் போகிறார் என்றே நினைத்தேன். என் பை எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடினேன். அவர் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார்.

"பாண்டியம்மா சொன்னது சரி" என்றார். "முத்துராக்கு தப்புப் பண்ணிட்டான்." அவ்வளவுதான். அடுத்து, "மிச்சப் பைப்பு ஆபீசுக்குள்ள கெடக்கு. பள்ளம் தோண்ட யாரு வாரீக?" என்று கேட்டார். எட்டுப் பேர் கை தூக்கினார்கள். அன்று மத்தியானம் கோழிகளுக்கு முன்பே அவருக்குச் சோறு விழுந்தது. முட்டையும் இருந்தது.

திங்கட்கிழமை நான் கிளம்ப வேண்டிய நாள். விடிந்ததும், "நான் வெளிக்கிடப் போறன்" என்று பாண்டியம்மாளிடம் சொன்னேன். அவர் அவசரமாக ஒரு வாளித் தண்ணீரை என் கையில் கொடுத்து, "கக்கூசு பின்னால இருக்குய்யா, காட்டுக்கெல்லாம் போக வேண்டாம்" என்றார். புறப்படுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம் என்று விளக்குவதற்குள் வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன்.

பத்து மணிக்குப் பக்கத்து ஊர் குழாய் பிட்டர் வந்து இணைத்துவிட்டார். வால்வைத் திறந்ததும் குழாய் முதலில் இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கக்கியது. பிறகு தெளிந்தது. காளியம்மாள் வீட்டு வாசலில் முதல் குடம் நிறைகிற சத்தத்தை நான்கு வீட்டு ஆட்களும் நின்று கேட்டார்கள். பாண்டியம்மாள் மட்டும் அங்கே இல்லை. தள்ளுவண்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

விலக்கு வரைக்கும் முத்துராக்கு என்னோடு நடந்து வந்தார். சாதாரணச் சட்டை போட்டிருந்தார். பஸ் வர நேரமிருந்தது. கருவேல நிழலில் நின்றோம்.

"சார், கோவிச்சுக்காதீக. அந்தப் புஸ்தகத்துல வேற ஏதும் விட்ருக்கீகளா?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "இன்னொன்று இருக்கு" என்றேன். கலீபா இரவில் நகர்வலம் போவதைப் புத்தகத்தில் எழுதியிருந்தேன். அப்படி ஒருநாள் போனபோது ஒரு வீட்டுக்குள் தப்பு நடப்பதாகச் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்தாராம். வீட்டுக்காரன் பயப்படாமல், நான் செய்தது ஒரு தப்பு, நீங்கள் மூன்று செய்துவிட்டீர்கள்: ஒட்டுக்கேட்டீர்கள், வாசல் வழியாக வரவில்லை, ஸலாம் சொல்லாமல் நுழைந்தீர்கள் என்றானாம். கலீபா அதை ஒப்புக்கொண்டு திரும்பிப் போனாராம்.

முத்துராக்கு சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் வரவில்லை. மெதுவாகக் குனிந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். சதை வழித்துப்போன, நீளமான, இன்னும் முழுதாக ஆறாத காயம்.

"பால் ஊத்துறவன் தண்ணி கலக்குறானான்னு பாக்க, போன மாசம் அவன் வீட்டுச் சுவத்துல ஏறுனேன் சார். மேல கண்ணாடித் துண்டு பதிச்சிருந்தான்." வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார். "இத முதல்லயே எழுதியிருக்கக் கூடாதா?"